முள்ளெடுக்க எந்தக் கத்தி? குன்னூர் அடுக்களையிலிருந்து

குன்னூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்து இரண்டு அறைகளை விருந்தினர்களுக்கு விடுகிறோம். சாப்பாடும் நம் கையால்தான். போன மே மாதம் வந்த குடும்பத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ராத்திரிக்குச் சங்கரா மீன் குழம்பு. இரண்டாவது வாயிலேயே முள் மாட்டிக்கொண்டது. அழுகை, வெறும் சோற்று உருண்டை, முதுகில் தட்டல், கடைசியில் வாழைப்பழம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்தப் பையனின் அம்மா தயங்கித் தயங்கி வந்து, "முள்ளே இல்லாம மீன் செஞ்சு தர முடியுங்களா?" என்று கேட்டார்.

அதற்கென்ன, செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்துப் பலகையில் இருந்ததை ஃபில்லட், அதாவது முள் நீக்கிய சதைத் துண்டம், என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நடுமுள்ளில் பாதிச் சதை ஒட்டியிருந்தது, மீதிப் பாதி கொத்துக்கறி. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "விடும்மா, புட்டு செஞ்சிரலாம்" என்றார். அன்றைக்கு மீன் புட்டுதான். பையன் நன்றாகவே சாப்பிட்டான், அது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு ஒரு வருஷமாக வாங்கியும், இரவல் கேட்டும், பட்டறையில் சொல்லிச் செய்தும் பலவிதக் கத்திகளில் மீன் அறுத்துப் பார்த்துவிட்டேன். இணையத்தில் கத்தியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எஃகின் பெயரில் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால், உங்கள் வீட்டுக்கு எந்த மீன் வருகிறது, அது சட்டியில் என்னவாகப் போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். சிலருக்குக் கத்தியே தேவையில்லை என்றும் தெரிந்துவிடும்.

மலைக்கு ஏறி வரும் மீன்

நீலகிரி என்றதும் ட்ரவுட் மீன் என்பார்கள். 1860களில் ஃபிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் இங்கே ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். அப்புறம் எச். சி. வில்சன் காலத்தில், 1909, 1910 வாக்கில்தான் வானவில் ட்ரவுட் நம் ஓடைகளில் பிழைத்தது. அவலாஞ்சியில் அதற்கான குஞ்சு பொரிப்பகம் இன்றும் இருக்கிறது. ஆனால் நம் வீட்டுச் சட்டிக்கு ட்ரவுட் வருவது ஆடிக்கொருமுறை, அமாவாசைக்கொருமுறை. ஊட்டி ஏரிக் கெண்டையும் வந்தேறிதான். பளபளவென்று பெரிய பெரிய செதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்குமே, அந்தக் கண்ணாடிக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து வந்தது.

நாம் நிஜமாகச் சாப்பிடுவது கீழேயிருந்து வருவதை. கோவை உக்கடம் மார்க்கெட்டிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக ஏறி வரும் சங்கரா, அயிலை, மத்தி, வஞ்சரம், பாறை. கேரளக் கரையிலிருந்து கூடலூர்ப் பக்கமாக வருவது கொஞ்சம். அப்புறம் பவானிசாகர் அணை மீன்: கட்லா, ரோகு, ஜிலேபி (திலாப்பியா). பவானியும் மோயாறும் கலக்குமிடத்தில் கட்டிய அணை அது. மோயாறு நம் மலைத் தண்ணீர்தான். நாம் கீழே அனுப்பும் தண்ணீர் மீனாகித் திரும்பி வருகிறது என்று மீன்காரத் தம்பி சொல்லிச் சிரிப்பார்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மலர்க் கண்காட்சி, சீசன், விருந்தினர் கூட்டம் எல்லாம் அதே நாட்களில்தான். முள்ளில்லாமல் கேட்கும் குழந்தைகள் மலையேறி வரும் சமயம் பார்த்துக் கடல்மீன் குறைந்து விலை ஏறிவிடும், கூடையில் அணை மீன் நிறைந்துவிடும். ஜூன் ஒன்பதுக்கு மேல் கேரளத்திலும் இழுவலைத் தடை வந்துவிட்டால் அந்தப் பக்கத்து வரவும் சுருங்கும்.

கட்லா, ரோகு, கெண்டை மூன்றும் ஒரே குடும்பம். நடுமுள்ளையும் விலா முள்ளையும் எடுத்த பிறகும் இவற்றின் சதைக்குள்ளே கவைபோல இரண்டாகப் பிரிந்த மெல்லிய முட்கள் வரிசையாகப் புதைந்து கிடக்கும். அவை எந்த எலும்போடும் ஒட்டியிருப்பதில்லை, சதைக்கு நடுவே தனியாக நிற்பவை. ஆகவே பத்தாயிரம் ரூபாய்க் கத்தியாலும் கெண்டையை ஒரே வீச்சில் முள்ளில்லாமல் ஆக்க முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் இரண்டு மாதம் நான் கத்தியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கெண்டை வகைக்கு வழி வேறு. தோலோடு சதைத் துண்டத்தை எடுத்து, தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, ஒரு நெல்மணி அகலத்துக்கு ஒன்றாகச் சதையில் குறுக்கே கீறிக்கொண்டே போக வேண்டும். தோல் அறுபடக் கூடாது. பிறகு மசாலா தடவிச் சூடான எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தால் துண்டுபட்ட முட்கள் வாயில் தட்டாது. இதற்கு வேண்டியது வளையும் கத்தி கிடையாது, வளையாத, கூர் மிகுந்த சின்னக் கத்தி போதும். இவ்வளவு செய்தாலும் ஏழு வயதுப் பையனுக்கு நான் கெண்டை கொடுக்க மாட்டேன். அணை மீனில் குழந்தைக்கு ஏற்றது ஜிலேபி. அதில் அந்தக் கவை முள் இல்லை. சின்ன மீனானாலும் சதை தடையில்லாமல் வழன்று வரும். சீசன் மாதங்களில் ஜிலேபிதான் என்னைக் காப்பாற்றுகிறது.

மத்திக்கும் நெத்திலிக்கும் கத்தியே வேண்டாம். தலையைக் கிள்ளி, கட்டைவிரலை நடுமுள்ளின் மேல் ஓட்டினால் முள் முழுசாகக் கையோடு வந்துவிடும். வஞ்சரத்தை யாரும் ஃபில்லட் எடுப்பதில்லை. வட்டத் துண்டு போட்டு வறுத்தால் நடுமுள் ஒன்றுதான், அதைத் தட்டில் ஒதுக்கிவிடலாம். ஆக, முள்ளெடுக்கும் கத்திக்கு நிஜமான வேலை சங்கரா, பாறை, கொடுவா, ஜிலேபி, எப்போதாவது வரும் ட்ரவுட். என் வீட்டில் வாரம் இரண்டு நாள். உங்கள் வீட்டில் மாதம் ஒரு நாள் என்றால், வாங்கும் முன் இன்னொரு தடவை யோசியுங்கள்.

மீன்காரரிடமே விட்டுவிடுவது

இதுதான் மலிவான வழி. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். எங்கள் மீன்காரத் தம்பி அகலமான வெட்டுக்கத்தியும் புளியமரக் கட்டையும் வைத்துக்கொண்டு சங்கராவைச் செதில் உரசி, செவுள் பிடுங்கி, குடல் எடுத்து ஒரு நிமிஷத்தில் தந்துவிடுவார். "முள்ளெடுத்துத் தாங்க தம்பி" என்றால் அதையும் செய்வார், கூட்டமில்லாத நாளில். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கேட்டால், "அக்கா, பின்னால நிக்கிறவங்க என்னைய அடிப்பாங்க" என்பார். நியாயம்தான்.

அவர் கத்தியால் எடுக்கும்போது சதை சேதம் அதிகம். தடித்த, வளையாத கத்தி நடுமுள்ளின் மேட்டிலும் விலாவின் வளைவிலும் நெளிந்து போகாது, நேராகத்தான் போகும். வளைவில் இருக்கும் சதை முள்ளோடு தங்கிவிடும். எப்படி அறுத்தாலும் ஒரு கிலோ சங்கராவில் தலையும் முள்ளும் போக அரைக் கிலோ சதைகூட தேறாது. அதிலும் முள்ளோடு கொஞ்சம் போனால் மனசு வலிக்கிறது. ஆனால் அந்தத் தலையையும் முள்ளையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் அதைவிட வலிக்கிறது. குழம்புக்கு ருசியே அதில்தான் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அரிவாள்மணை

அத்தைக்கு வேறெதுவும் வேண்டாம். மணைமேல் ஒரு காலை மடித்து ஊன்றி உட்கார்ந்தால் இரண்டு கையும் மீனுக்குக் கிடைக்கிறது. கத்தி நிற்கிறது, மீன்தான் நகர்கிறது. வழுக்கும் மீனை இரண்டு கையால் பிடிப்பதில் எவ்வளவு வசதி என்பது பலகையில் ஒற்றைக் கையோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் தெரியும். செதில் எடுக்க, துடுப்பு நறுக்க, தலையைப் பிளக்க, துண்டு போட இதற்கு ஈடு கிடையாது. குழம்பு மட்டும் வைக்கும் வீட்டில் நான் இதற்கு மேல் ஒன்றும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

முள்ளெடுக்க முடியுமா என்றால், அத்தையால் முடியும். மீனை நிமிர்த்திப் பிடித்து முதுகுப் பக்கமாக அலகில் இழுத்து, திறந்த புத்தகம்போல விரித்துவிடுவார். நடுமுள்ளை அப்புறம் விரலால் நீக்குவார். எனக்கு அது வரவில்லை. முழங்காலும் அரை மணிக்கு மேல் ஒத்துழைப்பதில்லை. அலகு முன்பக்கம் வளைந்து நிற்பதால் தோலை உரிக்கும் வேலை, அதாவது கத்தியைப் படுக்கவைத்துத் தோலுக்கும் சதைக்கும் நடுவே ஓட்டுவது, அத்தையாலும் முடியாது.

பட்டறையில் சொல்லிச் செய்தது

இந்த மலையில் இரும்படிப்பது பழைய தொழில். கோத்தகிரிக்குப் பெயர் தந்த கோத்தர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோடருக்கும் படுகருக்கும் கத்தியும் அரிவாளும் மண்வெட்டியும் அடித்துக் கொடுத்தவர்கள். தேயிலைத் தோட்டங்கள் வந்த பிறகு கவாத்துக் கத்தி என்ற ஒன்றும் சேர்ந்தது. செடியை ஒரே வெட்டில், பட்டை கிழியாமல் சீவ வேண்டும் என்பதால் அந்தக் கத்தியின் கூர் மேல் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு பக்தி உண்டு. சாணைக்கல்லைக் கையோடு கொண்டுபோவார்கள்.

நான் பஜாருக்குப் பின்னால் இருக்கும் பட்டறைக்குப் போய், மெல்லிசாக, நீளமாக, வளைகிற மாதிரி ஒரு கத்தி வேண்டும் என்றேன். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வளையறதுக்கா கத்தி?" என்றார். முதலில் லாரியின் வில் பட்டையில் அடித்துத் தந்தார். நல்ல கூர், ஆனால் கெட்டி. ஆடு வெட்டலாம். திரும்பக் கொண்டுபோய் விளக்கியதும், மூலையில் கிடந்த பழைய மரம் அறுக்கும் ரம்பத்தை எடுத்து, அதன் தகட்டில் ஒன்று வெட்டிக் கொடுத்தார். ரம்பத் தகடு வளைந்து நிமிர்வதற்காகவே பதப்படுத்தப்பட்டது, மெல்லிசும்கூட. அதைப் பழுக்கக் காய்ச்சாமல், தண்ணீரில் நனைத்து நனைத்துச் சாணையில் மட்டும் உருக்கொடுத்தார். காய்ச்சியிருந்தால் அந்தப் பதம் போயிருக்கும். பலா மரப் பிடி. இரண்டுக்குமாகச் சேர்த்து நான் கொடுத்தது ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசுதான்.

அந்த ரம்பக் கத்தியில்தான் நான் முள்ளெடுக்கக் கற்றுக்கொண்டேன். இன்றும் அதன் கூருக்கு என்னிடம் இருக்கும் எதுவும் கிட்டே வராது. கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் காகிதம் கிழியும்.

அப்புறம் ஏன் வேறு வாங்கினேன் என்றால், துரு. மலையில் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய மலை இது. குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் மழை. அந்த இரண்டு மாதமும் துணி காயாது, தீக்குச்சி பற்றாது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். குரோமியம் சேராத எஃகை மீன் கழுவிய ஈரத்தோடு ஒரு மணி நேரம் மறந்துவிட்டால் போதும், செம்பழுப்பாகப் பூத்துவிடும். உடனே கழுவி, துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் காட்டி, தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் ஒன்றும் ஆகாது. இதைத் தவறாமல் செய்கிறவர்களுக்கு ரம்பத் தகட்டுக் கத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பதினைந்து பேருக்குச் சமைத்துவிட்டுப் பத்தரை மணிக்குப் பாத்திரம் கழுவுகிறவளுக்கு அது ஒத்துவரவில்லை.

கடையில் கிடைக்கும் ஃபில்லட் கத்திகள்

முதலில் வாங்கியது ஏமாற்றம். இணையத்தில் ஆறு கத்தி சேர்ந்த ஒரு செட், பெயர் வேண்டாம். அதில் 'ஃபில்லட்' என்று எழுதியிருந்த கத்தி, மீனில் வைத்து அழுத்தினால் பனை ஓலைபோலத் துவண்டது. வளைய வேண்டும் என்றால் துவள வேண்டும் என்று அர்த்தமில்லை. முனையைப் பலகையில் ஊன்றி லேசாக அழுத்தினால் இரண்டு விரற்கடை வளைந்து, விட்டதும் நேராக நிமிர வேண்டும். வளைந்தது வளைந்தபடி கொஞ்சம் நின்றாலும் அதைத் தொடாதீர்கள். நாலாவது மாதம் பிடியில் இடைவெளி விட்டு உள்ளே தண்ணீர் போக ஆரம்பித்தது. கழுவக் கழுவ நாற்றம் போகவில்லை.

அப்புறம்தான் கொஞ்சம் படித்துப் பார்த்து வாங்கினேன். பொதுவாக இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, ஆற்றங்கரையில் மீன் பிடிக்கிறவர்களுக்கானது. ஃபின்லாந்தின் ரபாலா பெயரில் வரும், பிர்ச் மரப் பிடியும் தோல் உறையும் கொண்ட கத்தி இதில் பேர்போனது. ரொவானியெமியில் இருக்கும் மார்த்தீனி பட்டறைக்காரர்கள் செய்வது. பார்க்க அழகு. கையில் எடுத்தால் வைக்க மனசு வராது. மெல்லிய, கீழ்நோக்கிக் கூம்பும் அலகு ட்ரவுட்டுக்கென்றே அளந்தது போலிருக்கும். நண்பர் வீட்டில் இரவல் வாங்கி இரண்டு ட்ரவுட் அறுத்தேன், கத்தி போவதே தெரியவில்லை. ஆனால் எந்தத் தோல் உறையும் நம் ஊர் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை, அது செருப்பானாலும் இடுப்புவாரானாலும் சரி. ஈர உறைக்குள் கத்தியை மூடிவைப்பதைவிட வெளியே கிடப்பதே மேல். மரப்பிடியும் தினம் கழுவும் அடுக்களைக்கு ஆகாது. ஓடைக்கரைக்குப் போகிறவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். மீன்வளத் துறை அனுமதி இல்லாமல் தூண்டில் போடக் கூடாது என்பதையும் அவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு ஜாதி, கசாப்புக் கடைக்கும் ஓட்டல் அடுக்களைக்குமானது. 1884இல் தொடங்கிய சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் செய்யும் கறுப்புப் பிளாஸ்டிக் பிடிக் கத்தி, ஸ்வீடனின் மோரா கத்தி போன்றவை. அழகில் பாஸ் மார்க்குக்குக் கீழே. பிடி சொரசொரவென்று இருக்கும், மீன் எண்ணெய் பட்ட கையிலும் வழுக்காது. பிடிக்கும் அலகுக்கும் நடுவே அழுக்குச் சேர இடமில்லை. வெந்நீரில் போட்டுக் கழுவலாம். நான் கடைசியில் எடுத்தது விக்டோரினாக்ஸின் 18 சென்டிமீட்டர் வளையும் அலகு. மோராவில் 15 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஒன்று இருக்கிறது. வீட்டில் ஜிலேபியும் சிறு சங்கராவும் மட்டும் என்றால் அதையே எடுத்திருப்பேன்.

அளவு விஷயத்தில் பலர் தவறுவது நீளத்தில்தான். பெரிய கத்தி வாங்கிவிட்டால் சின்ன மீனையும் சமாளிக்கலாம் என்று தோன்றும். நடக்காது. கையகல ஜிலேபியில் ஒன்பது அங்குலக் கத்தியின் முனை எங்கே போகிறது என்று தெரியாது, அந்தப் பக்கம் உங்கள் இடதுகை விரல் காத்துக்கொண்டிருக்கும். எனக்கு அப்படித்தான் கட்டைவிரல் போனது, இரண்டு தையல். நீங்கள் அதிகம் அறுக்கும் மீனின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளமுள்ள அலகு போதும். இது என் கணக்கு. வளைவுக்கும் ஒரு கணக்கு உண்டு. மீன் சிறிதாக, சதை மெல்லிசாக ஆக வளைவு கூட வேண்டும். மூன்று கிலோ பாறைக்கு வளையாத கத்திதான் சரி.

ஜப்பானியர்களின் தேபா பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஒரு பக்கம் மட்டும் தீட்டிய, முதுகு தடித்த கத்தி. தலையையும் நடுமுள்ளையும் வெட்டும், முள்ளின் மேல் படுத்து நழுவிச் சதையும் எடுக்கும். மிக உறுதியான எஃகு, அதனால் கூர் நாள்படும், அதனாலேயே தவறாக அழுத்தினால் அலகின் விளிம்பில் சில்லுப் பெயரும். இடதுகைக்காரருக்குத் தனியாக வாங்க வேண்டும். நல்ல தேபா பெரும்பாலும் துருப்பிடிக்கும் எஃகு. பட்டறைக் கத்தியைத் துடைத்து வைக்கச் சோம்பேறித்தனப்பட்ட நான் இதைத் தொடவில்லை. மின்சாரக் கத்தி? இருபது முப்பது மீன் ஒரே மூச்சில் அறுப்பவருக்கானது. நம் ஊரில் கரண்ட் போகும் லட்சணத்துக்கு அது வேறு கேடு.

கல்லும் பலகையும்

என்ன கத்தி வாங்கினாலும், அதே நாளில் ஒரு சாணைக்கல்லும் வாங்கிவிடுங்கள். இந்த ஐரோப்பியக் கத்திகளின் எஃகு வேண்டுமென்றே கொஞ்சம் மெத்தெனப் பதப்படுத்தப்படுகிறது. எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 55, 56 அளவு. அதனால்தான் வளைகிறது, ஒடிவதில்லை. அதனாலேயே சீக்கிரம் மழுங்குகிறது. நாலைந்து கிலோ மீன் அறுத்ததும் தோலின் மேல் வழுக்கத் தொடங்கும். கத்தி மொண்ணையானதும் நாம் அழுத்துவோம். அழுத்தினால் அது முள்ளை விட்டு விலகிச் சதைக்குள் போகும், இல்லாவிட்டால் கைக்குள். நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மலைக்கு வரும் கடல்மீன் ஐஸில் ஒன்றிரண்டு நாள் இருந்தது. அதன் சதை இளகி, அடுக்கடுக்காகப் பிரியும் நிலையில் இருக்கும். கரையோரத்துக்காரர் பச்சை மீனை மொண்ணைக் கத்தியால்கூட அறுத்துவிடுவார், நம்மால் முடியாது.

1000 கிரிட் (கல்லின் நொய்மையைச் சொல்லும் எண்) தண்ணீர்க் கல் ஒன்று போதும். கல்லை நனைத்து, அடியில் ஈரத்துணி போட்டு, கத்தியின் முதுகை இரண்டு ஒற்றை ரூபாய் நாணயம் அடுக்கிய உயரத்துக்கு மேல் தூக்காமல், அடியிலிருந்து முனை வரை ஓட்டுங்கள். வளையும் அலகு என்பதால் இடதுகை விரல்களை அலகின் மேல், கல்லுக்கு நேராக வைத்து லேசாக அழுத்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நடுவில் மட்டும் தேயும். மறுபக்க விளிம்பில் விரலை வெளிப்பக்கமாகத் தடவினால் பிசிறு தட்டுப்படும். அது அடியிலிருந்து முனை வரை வந்ததும் திருப்பிப் போட்டு அதே போல். கடைசியில் பழைய தோல் இடுப்புவாரில் பின்னோக்கி ஏழெட்டு இழுப்பு, பிசிறு போய்விடும். பூஞ்சை பிடித்த வாருக்கு இதுதான் வேலை. தெருவில் சைக்கிள் சாணைக்காரர் வந்தால் அரிவாள்மணையைக் கொடுங்கள், ஃபில்லட் கத்தியைக் கொடுக்காதீர்கள். அந்தச் சக்கரத்தின் சூட்டில் மெல்லிய அலகின் பதம் இறங்கிவிடும், தகடும் பாதியாகத் தேய்ந்து வரும்.

பலகைக்கு அடியிலும் ஈரத்துணி. மீனை நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள், வழுக்கல் பாதி போய்விடும். செவுளுக்குப் பின்னால் நடுமுள் தட்டும்வரை சரிவாக இறக்கி, கத்தியைப் படுக்கவைத்து, வால் பக்கமாக நீள நீளமாக இழுங்கள். ரம்பம்போல முன்னும் பின்னும் ஆட்டினால் சதை படிக்கட்டாகும். சரியாகப் போனால் அலகு முள் வரிசையின் மேல் தட்டித் தட்டி, சீப்பில் நகத்தை ஓட்டினாற்போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் நின்றால் நீங்கள் முள்ளை விட்டு விலகிவிட்டீர்கள் என்று அர்த்தம். எடுத்த சதையின் நடுக்கோட்டில், தலைப்பக்கத்திலிருந்து பாதிக்கு மேல் ஊசிமுள் வரிசை ஒன்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ட்ரவுட் என்றால் இடுக்கியால் முள்ளின் சாய்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகவே பிடுங்கலாம். சங்கராவில் அந்தக் கோட்டின் இருபுறமும் வெட்டி ஒரு நாடாவாக எடுத்துவிடுவது சுலபம். குழந்தைகளுக்கான தட்டில் நான் விரலால் இரண்டு தடவை தடவிப் பார்க்காமல் எதையும் வைப்பதில்லை.

பின்னொரு நாள் மீன்காரத் தம்பி, "அக்கா, அந்த வெளிநாட்டுக் கத்தியக் கொஞ்சம் கொண்டாங்களேன், பாப்போம்" என்றார். துணியில் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு சங்கராவை எடுத்து, கடை பரபரப்புக்கு நடுவே, என்னைவிட நன்றாகவே இரண்டு பக்கமும் எடுத்தார். நடுமுள்ளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சதை ஒட்டாமல் கண்ணாடி மாதிரி இருந்தது. தலையாட்டிக்கொண்டே கத்தியைக் கழுவித் திருப்பித் தந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல தலைய வெட்ட முடியாதேக்கா?"

"தலைக்கு வீட்டுல அத்தை இருக்காங்க தம்பி" என்று அதையும் சேர்த்துப் பொட்டலம் கட்டச் சொன்னேன்.